அட்டையில் வராத ஈ

ஒட்டுண்ணி என்று சொன்னால் எங்கள் பக்கத்துக் கரும்பு விவசாயிக்கு அட்டைதான் நினைவுக்கு வரும். டிரைக்கோகிரம்மா என்ற குளவி வளரும் அட்டை. ஒரு சி.சி. அட்டையில் 15,000 முதல் 20,000 முட்டைவரை ஒட்டியிருக்கும். துண்டு துண்டாகக் கத்தரித்து, தோகையின் அடிப்பக்கம் ஸ்டேப்ளர் பின் அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மலிவு, கொண்டுபோக எளிது. அதன் புகழைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. ஆனால் எனக்குச் சம்பளம் வாங்கித் தந்த ஒட்டுண்ணி வேறு. அது ஓர் ஈ. அதை அட்டையில் ஒட்ட முடியாது.

நான் குடியிருப்பது திருப்பரங்குன்றத்தில், தென்கால் கண்மாய்க்குப் பக்கத்தில். ஓய்வு பெறும்வரை வெளி மாவட்டத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் ஒட்டுண்ணி வளர்ப்புக் கூடத்தில் ஆய்வக உதவியாளராக இருந்தேன். தெருவில் இன்றும் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். "ஏக்கா, ஊரு உலகமே ஈயை அடிக்குது, நீங்க ஈயை வளத்துச் சம்பளம் வாங்குனீங்களாக்கும்?" என்று பூக்கட்டும் பெண் ஒருத்தி கேட்டாள். வாங்கினேன்தான். அந்த ஈயின் கதையை யாரும் தமிழில் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன்.

கரும்பு நட்ட முதல் மூன்று மாதம் இளங்குருத்துப் புழுவின் காலம். கோடை வறட்சி கூடினால் அதற்குக் கொண்டாட்டம். தூர் கட்டும் பருவத்தில் நடுக்குருத்து மட்டும் காய்ந்து வெளுத்து நிற்கும். பிடித்து இழுத்தால் உருவிக்கொண்டு கையோடு வரும். அடிமுனை அழுகியிருக்கும், அந்த நாற்றம் சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. குருத்தைப் பிளந்தால் உள்ளே அழுக்கு வெள்ளை உடம்பும், அதன்மேல் நீளவாக்கில் ஐந்து ஊதாக் கோடுமாகப் புழு. மருந்து தெளித்தால் தண்டின் வெளியே வழிந்து மண்ணுக்குப் போகும். புழு உள்ளே பத்திரமாக இருக்கும்.

அதை உள்ளே போய்ப் பிடிக்கிற ஆள்தான் எங்கள் ஈ. பெயர் ஸ்டர்மியாப்சிஸ் இன்ஃபெரன்ஸ். டச்சினிட் என்கிற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. பார்த்தால் வீட்டு ஈதான். முதுகிலும் வயிற்றிலும் மட்டும் முள் மாதிரி விறைத்த மயிர். இந்த ஈ வெளியே முட்டையிடுவதில்லை. முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே வளர்ந்து பொரியும். தாய் ஈ, புழு துளைத்த ஓட்டைவாயில் கிடக்கும் எச்சத்தைத் தேடி வந்து, அதன் பக்கத்தில் தன் குஞ்சுப்புழுக்களை விடும். அவை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. தாமே ஊர்ந்து சுரங்கத்துக்குள் நுழைந்து, குருத்துப் புழுவைத் தேடிக் கண்டுபிடித்து, தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். உள்ளே போனபின் மூச்சு வேண்டுமே? குருத்துப் புழுவின் மூச்சுக்குழலோடு தன் பின்புறத்தை இணைத்துக்கொள்ளும். குளத்தில் முங்கி ஒளிந்தவன் நாணல் குழல் வழியாக மூச்சு விடுவதுபோல, தான் தின்னும் உயிரின் மூச்சுக்குழல் வழியாகவே அது மூச்சு விடும். தின்று முடித்ததும் வெளியே வந்து, கரும்புக்குள்ளேயே பழுப்புக் கூடாகும். கூடு நெல்மணியைவிடக் கொஞ்சம் பருமன்.

இந்த ஈக்குப் பெயர் வைத்தவர் சார்லஸ் டவுன்செண்ட் என்ற அமெரிக்கர். ஈக்களை வகைப்படுத்துவதில் பெரிய கை. ஆனால் வேறொரு காரணத்துக்காகத்தான் அவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது: மானைப் பற்றும் ஒருவகை ஈ மணிக்கு 800 மைலுக்குமேல் பறக்கும் என்று 1927இல் எழுதிவிட்டார். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் 1938இல் கணக்குப் போட்டு, அந்த வேகத்தில் பறந்தால் காற்றின் அழுத்தத்திலேயே ஈ நசுங்கிப்போகும் என்று காட்டினார். எங்கள் கூடத்தில் ஈ தப்பித்துப் போகும்போதெல்லாம் எனக்கு டவுன்செண்ட்மீது கொஞ்சம் அனுதாபம் வரும்.

ஒட்டுண்ணி ஈக்களைப் பயிருக்குக் காவல் வைக்கும் வழக்கம் கரும்போடும் தென்னையோடும்தான் உலகம் சுற்றியது. தோட்ட முதலாளிகள் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குக் கரணையைக் கொண்டுபோனபோது புழுவும் வண்டும் கூடவே போயின. அவற்றின் எதிரிகள் போகவில்லை. ஹவாய்த் தீவுகளில் கரும்பைக் குடைந்த கூன்வண்டு அப்படிப் போய்ச் சேர்ந்ததுதான். அதன் எதிரியைத் தேடி ஃபிரெடரிக் மியூர் என்ற பூச்சியியலாளர் மலாய்த் தீவுகளையெல்லாம் சுற்றி, கடைசியில் நியூ கினியில் ஓர் ஒட்டுண்ணி ஈயைக் கண்டார். கண்டது பெரிதில்லை. கப்பல் பயணம் ஈயின் ஆயுளைவிட நீளம், அதுதான் சிக்கல். ஒருமுறை மியூரே டைபாய்டில் படுத்துவிட, கொண்டுவந்த ஈக்கள் வீணாயின. பிறகு வழியில் தாவளம் போட்டார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மாஸ்மன் என்ற ஊரில் கூண்டுகட்டிக் கரும்பு வைத்து, வண்டு விட்டு, அங்கே ஈ ஒரு தலைமுறை பெருகும். அங்கிருந்து பிஜி, அங்கே இன்னொரு தலைமுறை. பிறகு ஹொனலுலு. 1910இல் ஈ உயிரோடு ஹவாய் போய்ச் சேர்ந்து நிலைத்தது.

பிஜி என்றதும் நமக்குப் பாரதி நினைவுக்கு வருவார். அந்தத் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய பெண்களைப் பாடியவர் அவர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை அங்கே ஏற்றினார்கள். 1916வரை அது நடந்தது. ஹவாய்க்குப் போகும் வழியில் ஈ தங்கியது அந்தக் கரும்புக்குள்தான். நம் ஆட்கள் வெட்டிய அதே காலத்துக் கரும்பு. ஈ எப்படிப் பயணம் போயிற்று, என்ன தின்றது, எத்தனை செத்தது என்று நாள்வாரியாகக் குறித்து வைத்தார்கள். மனிதர்களை அந்த அக்கறையோடு ஏற்றிக்கொண்டு போகவில்லை.

அதே பிஜியில் 1925இல் நடந்தது இன்னும் பெரிய கதை. விட்டிலெவு தீவில் லெவுவானா என்ற சின்ன ஊதா நிற அந்துப்பூச்சியின் புழு தென்னோலையைச் சுரண்டித் தின்று மரத்தை நெருப்புப் பட்டதுபோல ஆக்கிக்கொண்டிருந்தது. 1870களிலிருந்தே அந்தத் தொல்லை இருந்தது. கனடாவில் ஈ ஆராய்ந்த ஜான் டோட்ஹிலைத் தலைவராக வைத்து ஓர் அணி அமைத்தார்கள். கூட டெய்லர், பெயின் என்று இரண்டு இளைஞர்கள். லெவுவானாவின் சொந்த எதிரி எங்கேயும் அகப்படவில்லை. அப்போது மலேயாவில் பத்து காஜா பக்கம், லெவுவானாவுக்குச் சொந்தக்காரப் பூச்சி ஒன்று தென்னையைத் தாக்க, அதை ஒரு டச்சினிட் ஈ அடித்துக்கொண்டிருந்தது. டெய்லர் என்ன செய்தார் தெரியுமா? தொட்டியில் தென்னங்கன்று, கன்றில் புழு, புழுவுக்குள் ஈ என்று அப்படியே கூண்டோடு கப்பலில் ஏற்றினார். சுவா துறைமுகத்தில் இறங்கியபோது உயிரோடிருந்த ஈக்கள் 300க்குச் சற்று மேல். அதை வைத்து ஆறு மாதத்தில் 30,000க்கு மேல் பெருக்கி விட்டார்கள். சில வருடங்களுக்குள் லெவுவானா ஒரு பொருட்டாக இல்லாமல் போயிற்று. 1930இல் மூவரும் சேர்ந்து எழுதிய தடிமனான அறிக்கை இந்தத் துறையில் வேதம் மாதிரி.

வேதத்துக்கும் மறுப்பு உண்டு. லெவுவானா பூச்சியே உலகிலிருந்து அற்றுப்போய்விட்டது என்று பிற்காலத்தில் பலர் எழுதினார்கள். இறக்குமதி செய்த எதிரி ஓர் உயிரினத்தையே அழித்துவிட்டதற்குச் சாட்சியாக அதைக் காட்டினார்கள். 2003இல் ஆர்மண்ட் குரிஸ் என்பவர் அந்த முடிவு அவசரமானது என்று விரிவாக வாதாடினார். அமெரிக்காவில் நடந்ததற்கு அப்படி வாதாட இடம் குறைவு. 1906 முதல் ஜிப்சி அந்தை அடக்க ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோய் விட்ட ஈ, பார்க்க அழகான பெரிய காட்டுப் பட்டுப்பூச்சிகளையும் சேர்த்துத் தின்றது. ஈக்கு நம் பட்டியல் தெரியாது. அதனால்தான் வெளியூர் ஈயைவிட உள்ளூர் ஈமீது எனக்கு எப்போதும் நம்பிக்கை அதிகம்.

கரும்பின் பக்கம் திரும்பினால், 1932இல் மயர்ஸ் என்பவர் அமேசான் ஆற்றில் மிதக்கும் புல்லுக்குள் தண்டைத் துளைக்கும் ஒரு புழுவையும் அதைத் தின்னும் ஈயையும் கண்டார். அடுத்த ஆண்டே அந்த ஈ பிரிட்டிஷ் கயானாவுக்குப் போயிற்று. தண்ணீர் தேங்கும் கயானாவின் கரும்பு வயல்கள் அமேசான் ஈக்குப் பிறந்த வீடு மாதிரி பொருந்திவிட்டன. கியூபாவிலிருந்து புறப்பட்ட இன்னொரு ஈ மேற்கிந்தியத் தீவுகள் பலவற்றில் குடியேறியது. இவற்றை இந்தியாவுக்கும் கொண்டுவந்து பார்த்தார்கள். பெங்களூரில் 1957இல் தொடங்கிய காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையம்தான் அந்த வேலையின் மையம். கியூபா ஈ, அமேசான் ஈ, அவற்றோடு ஜாவாவிலிருந்து ஓர் ஈ எல்லாம் வந்தன. நம் வெயிலும் நம் புழுவும் அவற்றுக்கு ஒத்துவரவில்லை. ஒன்றும் நிலைக்கவில்லை.

இந்தக் கதையில் கோயம்புத்தூர் வருவது இங்கேதான். சென்னை மாகாணத்தில் பூச்சிகளைப் பற்றிய அறிவு முன்பே சேர்ந்துகொண்டிருந்தது. ஃபிளெட்சர் என்ற பூச்சியியலாளர் 1914இல் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிப் புத்தகம் போட்டார், டி.வி. ராமகிருஷ்ண ஐயர் 1940இல் தென்னிந்தியாவுக்கென்றே பயிர்ப் பூச்சியியல் கையேடு எழுதினார். 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் ரகங்களுக்காகவே பெயர் பெற்றது. அதன் பூச்சியியல் பிரிவில் எச். டேவிட், ஈஸ்வரமூர்த்தி போன்றவர்கள் கடல் தாண்டிப் பார்க்காமல் வயலைப் பார்த்தார்கள். வெளிநாட்டு ஈ எதற்கு, நம் குருத்துப் புழுவை நம் ஈயே தின்கிறதே, அதை வளர்த்து விட்டால் என்ன என்பது அவர்கள் கேள்வி. அதற்கு வளர்ப்பு முறை வேண்டும். எங்களுக்கு வந்து சேர்ந்தது அந்த முறைதான்.

அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். காலை வெளிச்சம் சன்னலில் விழும் நேரத்தில் ஆண் ஈயையும் அன்று பிறந்த பெண் ஈயையும் கண்ணாடிக் குழாயில் சேர்த்து விடுவோம். வெளிச்சம் மந்தமாக இருந்தால் அவை சேராது. மழைக்கால மேகமூட்டம் எங்களுக்கு நஷ்டக் கணக்கு. சேர்ந்த பெண்ணைக் கூண்டில் போட்டு, ஊறவைத்த உலர்திராட்சையும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுப்போம். ஒன்பது பத்து நாளில் வயிற்றில் குஞ்சுகள் தயார். தானாக ஈனும்வரை காத்திருக்க மாட்டோம். ஈயைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து, உருப்பெருக்கியின் கீழ் வயிற்றைக் கீறினால் நூற்றுக்கணக்கில் குஞ்சுப்புழு நெளிந்து வெளியே வரும். பூஜ்ய நம்பர் தூரிகையின் நுனியில் இரண்டு குஞ்சைத் தொட்டெடுத்து, ஒரு குருத்துப் புழுவின் முதுகில் வைக்க வேண்டும். இரண்டு என்பது கணக்கு. ஒன்று வைத்தால் தவறிப் போகலாம். நான்கு வைத்தால் சாப்பாடு போதாமல் எல்லாமே சோனி ஈயாகும். அடுத்த புழு. அடுத்த புழு. அந்த வேலை பெரும்பாலும் பெண்கள் வேலை. ஆண்களுக்குக் கை நடுங்கும் என்பது எங்கள் கேலி. உண்மையில் அவர்களுக்கு உட்காரப் பொறுமை இல்லை.

ஈ ஒட்டிய குருத்துப் புழுவுக்குப் புதிதாக நறுக்கிய கரும்புக் குருத்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு ஈக்கூடு; கூட்டிலிருந்து ஈ. சினையான ஈக்களை வலை கட்டிய கூண்டில் வைத்து வண்டியில் ஏற்றி, வெயில் ஏறுமுன் வயலில் திறந்து விடுவோம். ஏக்கருக்குச் சினை ஈ 125 என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. விட்ட சில வாரம் கழித்துக் காய்ந்த குருத்துகளைப் பிளந்து பார்த்து, புழு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புக் கூடு இருந்தால் எங்கள் மேற்பார்வையாளர் முகத்தில் ஒரு களை வரும்.

இருந்தும் ஈ அட்டையிடம் தோற்றது. ஆனால் தோற்றது வயலில் அல்ல. தோற்றது கணக்குப் புத்தகத்தில். டிரைக்கோகிரம்மாவை அரிசி அந்தின் முட்டையில் வளர்க்கலாம். கம்பு மாவில் அந்து, அந்தின் முட்டையில் குளவி. ஆண்டு முழுக்க, எந்த ஊரிலும், ஒரு அறையும் தட்டும் இருந்தால் போதும். எங்கள் ஈக்கு வேண்டியது உயிருள்ள குருத்துப் புழு. புழு வேண்டுமென்றால் ஆட்கள் வயலுக்குப் போய்க் காய்ந்த குருத்தைப் பிடுங்கிப் பிளந்து, புழுவைக் காயப்படுத்தாமல் எடுத்து வர வேண்டும். புழு குறைந்த மாதத்தில் ஈயும் குறையும். அதாவது எங்கள் ஈ நன்றாக வேலை செய்தால் எங்களுக்கே மூலப்பொருள் கிடைக்காது! இப்படியொரு தொழிலை எந்த வியாபாரி தொடுவான்? அட்டை தனியார் கைக்கும் போயிற்று, கடைக்கும் வந்தது. ஈ, ஆலையும் ஆராய்ச்சி நிலையமும் காசு போட்டவரைதான். கார்போபியூரான் என்ற பூச்சிக்கொல்லிக் குருணை மூட்டையைப் பிரித்துத் தூவிவிட்டுப் போகிற வசதி வந்தபின், அதிகாலையில் கூண்டோடு வரும் எங்களை விவசாயி எதற்காக எதிர்பார்ப்பார்? குருணையையும் ஈயையும் ஒரே வயலில் போட்டவர்களும் உண்டு. அதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

ஈயின் குடும்பத்தில் கெட்ட பெயர் வாங்கியதும் உண்டு. மேற்கு வங்கத்திலிருந்து பட்டுக்கூடுகளோடு 1980இல் கர்நாடகத்துக்கு வந்த ஊஜி ஈ இதே டச்சினிட் குடும்பம்தான். அங்கிருந்து தமிழ்நாட்டுப் பட்டு வளர்ப்பு மனைகளுக்கும் பரவியது. பட்டுப்புழுவின் உடம்பில் கறுப்புத் தழும்பு தெரிந்தால் அந்தத் தட்டில் லாபம் போச்சு. கரும்புக்காரருக்காகக் காசு செலவழித்து விட்ட ஈயின் சொந்தத்தைப் பட்டுக்காரர் வலை கட்டித் தடுக்கிறார். ஊஜி ஈயை அடக்க ஒரு குளவியை வளர்த்து விற்கிறார்கள். இதைப் பூக்கட்டும் பெண்ணிடம் சொன்னபோது, "அப்ப குளவிய அடக்க எத வளப்பீங்க?" என்றாள். நியாயமான கேள்வி.

என் ஊருக்குத் திரும்பினால், பக்கத்து நிலையூரில் இன்று கரும்பு கிடையாது. நெல், மல்லிகை, வரப்பில் தென்னை. மல்லிகைக்கு மொட்டுப் புழுவென்று வாரம் தவறாமல் மருந்து அடிக்கிறார்கள். அந்தத் தோட்டங்களில் ஈயைத் தேடுவது வீண். நெல்லில் நிலைமை வேறு. இலைச்சுருட்டுப் புழு மடித்த இலையைப் பிரித்துப் பாருங்கள். மருந்து படாத வயலானால் சில மடிப்புகளில் புழு இருக்காது, ஈக்கூடு கிடக்கும். யாரும் கொண்டுவந்து விட்டதல்ல.

2018இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட அமெரிக்கப் படைப்புழு அந்த வருடமே தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்கும் வந்தது. திருமங்கலம், பேரையூர் பக்கத்து மானாவாரிச் சோளக்காடுகளுக்கு நல்ல அடி. வந்தது வெளிநாட்டுப் புழு. ஆனால் இங்குள்ள டச்சினிட் ஈக்கள் அதிலும் முட்டை வைக்கின்றன. இவை எங்கள் கரும்பு ஈ மாதிரி குஞ்சு ஈனுவதில்லை. புழுவின் தலைக்குப் பின்னால், அது திரும்பிக் கடிக்க முடியாத இடமாகப் பார்த்து, வெள்ளை வெளேரென்று முட்டையை ஒட்டி வைக்கும். முட்டை பொரியுமுன் புழு தோலுரித்துவிட்டால் முட்டையும் தோலோடு போய்விடும். பொரிந்துவிட்டால் புழு போய்விடும். கல்லுப்பட்டிப் பக்கம் சோளம் போட்டிருந்த என் சின்ன மாமனார் மகன், பொறுக்கிய புழுவையெல்லாம் மண்ணெண்ணெய் கலந்த வாளியில் போட்டுக்கொண்டிருந்தான். "கழுத்துல வெள்ளையா ஒட்டியிருக்கிறத மட்டும் இதுல போடாதப்பா" என்று சொல்லி, ஒரு மண்பானையில் கொஞ்சம் ஈர மண்ணும் சோளத்தழையும் வைத்து, வாயில் வலை கட்டிக் கொடுத்தேன். வலைக்கண் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். அதன் வழியாக ஈ வெளியேறும். தப்பிப் பிழைத்து அந்தாகிறது வெளியேற முடியாது. பானையைக் காட்டின் நடுவில், எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டின்மேல் வைக்கச் சொன்னேன். வைத்திருக்கிறான்.